மைதானம் நிரம்பினால் கோப்பை வருமா?

கேள்வி: மெஸ்ஸி மயாமிக்குப் போனதிலிருந்து அமெரிக்காவில் ஒரே கால்பந்து ஜுரமாம். டாலஸில் இருக்கும் என் அண்ணன் மகன், "எங்க டீம் சீக்கிரமே உலகக்கோப்பை அடிச்சிடும்" என்கிறான். இவ்வளவு பணமும் கூட்டமும் இருந்தும் ஆண்கள் அணி ஏன் தடுமாறுகிறது? பெண்கள் அணி மட்டும் எப்படி ஜெயிக்கிறது? ஒரு தொடருக்கு முன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?
- வாசகர், கோவை

பதில்: கூட்டம் உண்மைதான். 1996-ல் 10 அணிகளோடு தொடங்கிய, அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்கான மேஜர் லீக் சாக்கரில் 2025-ல் 30 அணிகள். மெஸ்ஸி வருவதற்கு வெகு முன்பே, 1994 உலகக்கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரியாக 69,000 பேர் அளவில் வந்தார்கள். ஆனால் தேசிய அணியின் தரத்தை முடிவு செய்வது, 8 வயதிலிருந்து 18 வயது வரை ஒரு பையன் எங்கே, யார் செலவில் ஆடினான் என்பதே. அமெரிக்கா இடறுவது அங்கேதான்.

முதலில் செலவு. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரை வெளிநாட்டு கிளப் விலைக்கு வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை 12 முதல் 23 வயது வரை அவரைப் பழக்கிய கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஏகபோகத் தடைச் சட்டத்தில் சிக்கல் வருமோ என்ற பயத்தில் அமெரிக்கக் கூட்டமைப்பு நெடுங்காலம் இதை நடைமுறைப்படுத்தவில்லை. 2014-ல் அமெரிக்க ஆட்டக்காரர் டியாண்ட்ரே யெட்லின் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புக்கு விற்கப்பட்டபோது, அவரைச் சிறுவயதில் பழக்கிய க்ராஸ்ஃபயர் கிளப் தன் பங்குக்காக ஃபிஃபா வரை போக வேண்டியிருந்தது. நல்ல ஆட்டக்காரரை உருவாக்கினால் வரவு இல்லை என்றால் கிளப் எப்படிப் பிழைக்கும்? பெற்றோரிடம்தான் வாங்கும். கட்டணம், சீருடை, வெளியூர்ப் போட்டிப் பயணம் என ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும். கட்ட முடியாத வீட்டுப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் 12 வயதில் நின்றுவிடுகிறான். இது பெரிய இழப்பு, வேதனையானதும்கூட. லீக் அணிகளின் அகாடமிகள் பெரும்பாலும் இலவசம் என்பது ஆறுதல், ஆனால் அங்கே இடங்கள் குறைவு.

அடுத்தது பாஸ்போர்ட். 18 வயதுக்குள் வெளிநாட்டு கிளப்பில் சேரத் தடை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால் 16 வயதிலேயே மாறலாம். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் பிறந்த கிறிஸ்டியன் புலிசிக், தாத்தா வழியில் குரோஷியக் குடியுரிமை பெற்றதால் 16 வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் சேர முடிந்தது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு மிக முக்கியமான இரண்டு ஆண்டுகள் கைநழுவிப் போகின்றன.

பெண்கள் அணியின் கதை வேறு. 1972-ல் வந்த 'டைட்டில் 9' சட்டத்தால் கல்லூரிகள் பெண்கள் விளையாட்டுக்கும் உதவித்தொகை தர வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்துக்கு இருந்த தடை 1971-லும், பிரேசிலில் 1979-லும்தான் நீங்கியது. அந்த முந்துதலில் வந்தவை 4 உலகக்கோப்பைகள். இப்போது மற்றவர்கள் நெருங்கிவிட்டார்கள்: 2023-ல் ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்று கடைசி 16-லேயே வெளியேறினார்கள். மறு ஆண்டே ஒலிம்பிக் தங்கம் வென்றதையும் சொல்ல வேண்டும்.

இனி எதிர்பார்ப்பு. ஆண்கள் அணி 1930-ல் அரையிறுதி வரை போனது. அதற்குப் பிறகு 2022 வரை உலகக்கோப்பை நாக்-அவுட்டில் ஜெயித்தது ஒரே ஆட்டம்தான்: 2002-ல் மெக்சிகோவை 2-0 என. 2018-க்குத் தகுதியே பெறவில்லை. 48 அணிகள் ஆடும் முறையில் குழுவைத் தாண்டினால் கிடைப்பது கடைசி 32 மட்டுமே. காலிறுதிக்கு இரண்டு நாக்-அவுட் வெற்றி வேண்டும். அதனால் குழுவைத் தாண்டியதை மட்டும் வைத்துக் கொண்டாடாதீர்கள்.

நீங்களே கணக்குப் போடலாம். முதல் 11 பேரை எழுதி, ஒவ்வொருவருக்கும் கிளப், போன சீசனில் லீக்கில் ஆடிய நிமிடங்கள், அங்கே ஆடிய நிலை (தடுப்பு, நடுக்களம், தாக்குதல்) மூன்றையும் குறியுங்கள். இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலியில் முழு சீசன் 3,420 நிமிடம். ஜெர்மனி, பிரான்ஸில் 3,060. இந்த ஐந்து லீக்குகளில் 2,000 நிமிடத்தைத் தாண்டியவர்கள் எட்டுப் பேர் என்றால் காலிறுதியை எதிர்பார்க்கலாம். ஐந்து என்றால் கடைசி 16. இது எங்கள் அளவுகோல். பலர் கிளப்பின் பெயரைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்; பெரிய கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்தவரைவிட நடுத்தர கிளப்பில் வாராவாரம் ஆடுபவர் மேல். ஃபிஃபா தரவரிசையையும் அப்படியே நம்ப வேண்டாம். உலகக்கோப்பையை நடத்தும் நாடு தகுதிச்சுற்று ஆடாததால் நட்பு ஆட்டங்களே அதிகம் ஆடும். தரவரிசைப் புள்ளிக் கணக்கில் நட்பு ஆட்டத்துக்கு எடை 5 அல்லது 10, தகுதிச்சுற்றுக்கு 25.

பட்டியலில் தடுப்பாட்டக்காரர்களைத் தனியாகப் பாருங்கள். 2022 உலகக்கோப்பையின் கடைசி 16-ல் நெதர்லாந்து அமெரிக்காவை 3-1 என வென்றபோது, முதல் இரண்டு கோலுக்கும் வலப்பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பந்து தள்ளியவர் நெதர்லாந்தின் டம்ஃப்ரீஸ்; மூன்றாவதை அவரே அடித்தார். அந்த மூன்றாவது கோலில் அவர் பக்கத்தில் ஒரு அமெரிக்கர்கூட இல்லை.