அழுதது அம்மம்மா, எழும்பிப் போனது பேரன்

கேள்வி: விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கென்று ‘அப்’ என்ற கார்ட்டூன் படத்தை ரிவியில் போட்டோம். நானும் என் அம்மாவும் தொடக்கத்திலேயே கண்கலங்கிவிட்டோம். 4 வயது மகன் பத்து நிமிடத்தில் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டான். 7 வயது மகள் “இந்தத் தாத்தா ஆர்?” என்று கேட்டபடியே இருந்தாள். மூத்தவனுக்கு 11, போனை விட்டு நிமிரவேயில்லை. குடும்பப் படம் என்றுதானே சொல்கிறார்கள்? ஆவணியில் மூவரையும் தியேட்டருக்குக் கூட்டிப்போக யோசித்திருந்தோம். போகலாமா, காசைக் கரியாக்கும் வேலையா?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: போகலாம். படத்தைத் தெரிவுசெய்யும் விதத்தைத்தான் மாற்றவேண்டும். உங்கள் பிள்ளைகளில் பிழையில்லை. 2009இல் வந்த அந்தப் படமும் கூடாத படமில்லை. அதன் தொடக்கம் உங்களுக்காகவும் உங்கள் அம்மாவுக்காகவும் செய்யப்பட்டது.

நீங்கள் அழுத இடத்தை மகன் இருந்த இடத்திலிருந்து பாருங்கள். கல்யாணத்தில் தொடங்கி மனைவியின் சாவு வரை ஒரு முழு வாழ்க்கை, பேச்சே இல்லாமல் நாலு நிமிடச் சொச்சத்தில் ஓடுகிறது. நடுவில் மனைவி கணவனின் ரையை இழுத்து இறுக்கிவிடுகிறாள். உடனே வேறு நிற ரை, பிறகு இன்னொன்று. கடைசி ரைக்கு மேலே தெரியும் தலை நரைத்துப்போயிருக்கிறது. எத்தனையோ வருடம் கழிந்தது என்று நீங்கள் வாசித்துக்கொண்டீர்கள். மகனுக்கோ ஒரு மாமா ரை கட்டிக்கொண்டே நிற்கிறார். காட்சி வெட்டுப்பட்டால் காலம் போய்விட்டது என்பது பழகிவரும் அறிவு. 4 வயதில் அது உறுதியாக இருக்காது. மகள் கேட்டதும் அதையேதான். படத்தின் தொடக்கத்தில் பலூன் வைத்திருந்த பெடியன்தான் இந்தக் கிழவர் என்று அவளுக்குப் பொருந்தவில்லை. “அந்தப் பெடியன்தான் வளர்ந்து தாத்தாவாகிவிட்டார்” என்று காதுக்குள் ஒரு வசனம் சொல்லியிருந்தால் மிச்சப் படத்தை அவள் பிடித்திருப்பாள்.

மகனுக்கான பங்கும் அதில் இருக்கிறது, பிந்தித்தான் வருகிறது. கழுத்துப்பட்டி வழியாகப் பேசும் நாயொன்று, பேச்சின் நடுவில் “அணில்!” என்று தலையைத் திருப்பி அப்படியே உறைந்து நிற்கும். அந்த இடத்துக்கு எந்தப் பிள்ளையும் சிரிக்கும். ரிக்கெற் வாங்குவதும் கூட இருப்பதும் பெரியவர்கள் என்பதால், இப்படியான படங்களில் பெரியவர்கள், பிள்ளைகள் என்ற இரண்டு பந்திக்கும் சமைத்து வைக்கிறார்கள். முதல் பந்தி யாருக்கு என்பதுதான் படத்துக்குப் படம் மாறுகிறது.

வயதுக் குறியீட்டை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. இதே படத்துக்குப் பிரித்தானியாவில் ‘யு’, அமெரிக்காவில் ‘பிஜி’, அதாவது பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கவேண்டியது. பிரித்தானிய ‘யு’ என்பது 4 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் பார்க்கத்தக்கது என்ற அளவுதான். பார்த்தால் கெடுதலில்லை என்று அது சொல்கிறது, பிடிக்கும் என்று சொல்லவில்லை. ட்ரெய்லர் அதைவிட மோசம். விழுந்து எழும்பும் பகிடிகளைப் பொறுக்கி அடுக்கியிருப்பார்கள்.

ஆகவே வீட்டுப் படமென்றால் முதல் 15 நிமிடத்தை நீங்கள் முன்னரே பாருங்கள். ஒரு கேள்வி போதும்: இந்தப் படத்தில் ஆசைப்படுவது யார், எதற்கு? தொலைந்ததைத் தேடுவது, வீட்டுக்குத் திரும்புவது, களவாக எதையாவது வளர்ப்பது என்றால் பிள்ளைக்கு விளங்கும். கைவிட்ட கனவு, குற்றவுணர்வு, பழைய காதல் என்றால் அது உங்கள் பந்தி. பிறகு முக்கால்வாசிக்கு ஓட்டி அங்கே 10 நிமிடம் பாருங்கள். இவ்வகைப் படங்களில் நாயகன் எல்லாம் இழந்து நிற்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான் வரும்; சின்னவர்கள் அழுவதும் அங்கேதான். தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பிரிவுக் கதைகளுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ஃபைண்டிங் நீமோ’வில் தாய் மீன் முதல் சில நிமிடங்களிலேயே இறந்துவிடுகிறது.

மறுபக்க உதாரணம் 1988இல் வந்த ஜப்பானியப் படமான ‘மை நெய்பர் டொட்டோரோ’. 86 நிமிடம், வில்லன் இல்லை. பெரியவர்கள் சிலர் “கதை எங்கே?” என்பார்கள். மழையில் பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெரிய விலங்கு குடை பிடித்து நிற்கிறது. மரத்திலிருந்து சொட்டும் துளி குடையில் ‘டப்’ என்று விழ, அதற்குப் புல்லரிக்கிறது. இன்னும் துளி வேண்டுமென்று அது துள்ளிக் குதிக்க, மரம் முழுவதும் ஒருமிக்கக் கொட்டுகிறது. மாரியில் குடைக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு இதற்கு மேல் கதை தேவையில்லை. தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்ற கவலை மட்டும் படத்தில் ஓடும், முன்னரே சொல்லிவைக்கலாம்.

மொழியையும் பாருங்கள். வேற்றுமொழிப் படத்தில் கீழே வரும் இரண்டு வரி மொழிபெயர்ப்பு எழுத்துத் திரையில் சில விநாடிதான் நிற்கும். 7 வயது வாசிப்புக்கு அது காணாது. சென்னை டப்பிங்கில் வேகமான பகிடிகள் நம் பிள்ளைகளைத் தாண்டி ஓடிவிடும். பேச்சில்லாத படம் இந்தச் சிக்கலையே அறுக்கும். 2015இல் வந்த ‘ஷோன் த ஷீப்’ முழுநீளப் படத்தில் விளங்கவேண்டிய வசனமே கிடையாது. உங்கள் மூவருக்கும் முதலில் போடவேண்டியது அதைத்தான்.

தியேட்டருக்கு வந்தால் காலைக் காட்சி, இருபரிமாணத்தில். முப்பரிமாணக் கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காது, படமும் மங்கும். மடியும் கதிரையில் 4 வயது உடம்பின் பாரம் காணாது; கதிரை பிள்ளையையும் சேர்த்து மடக்கிவிடும். துவாயொன்றைத் தடிப்பாக மடித்து மூட்டுப் பக்கம் வைத்து இருத்துங்கள். பின்வரிசையில், நடைபாதை ஓரமாக இருங்கள். ஏசிக் குளிருக்கு ஒரு சட்டை. காதைப் பொத்தினால் பயமென்று எடுக்கவேண்டாம், பெரும்பாலும் சத்தம்தான் காரணம். உண்மையாகவே பயந்தால் மடியில் வைத்து, அந்த ஆபத்து தீரும் வரை பொறுத்து, பிறகு வெளியே போங்கள். உச்சத்தில் எழும்பினால் முடியாத காட்சி இரவு நித்திரைக்கு வரும். வீட்டிலென்றால் 30 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, அமைதியான இடத்தில் நிறுத்துங்கள்.

முடிந்ததும் “நல்லா இருந்ததா?” என்று கேட்காதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்து ஓம் என்பான். படம் ஓடும்போதே காதைக் கொடுங்கள். “ஏன் அவர் அழுகிறார்?” என்றால் கதைக்குள் நிற்கிறான். “எப்ப முடியும்?” என்றால் கதை கைவிட்டுப் போய்விட்டது. மூன்று நாள் கழித்து எந்தக் காட்சியை விளையாடுகிறான், கொப்பியில் எதைக் கீறுகிறான் என்பதையும் கவனியுங்கள். அதே படத்தைத் திரும்பப் போடச் சொன்னால் அலுக்காமல் போடுங்கள். முதல்முறை தவறியதை இரண்டாம் முறைதான் பிடிப்பார்கள்.

மூத்தவன் வேறு கணக்கு. தம்பியோடு சேர்த்து ‘சின்னப்பிள்ளைப் படம்’ பார்க்க வைத்தது அவனுக்கு மானப் பிரச்சினை. தம்பிக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள், அடுத்த படத்தை அவனே தெரிவுசெய்யட்டும். அன்றைக்கு நீங்கள் போனை எடுக்கக்கூடாது.