மீத்தேன் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

ஆந்திராவின் நகரியிலிருந்து எழுதிய அப்பாவுக்கு வணக்கம்.

இன்டர் எம்.பி.சி. (பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல்) முடித்த உங்கள் மகள், ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகக் கரையில் மீத்தேன் தேடிய கதையைப் படித்துவிட்டு "இதைத்தான் படிப்பேன்" என்கிறாள். மன்னார்குடி சம்பந்தி வீட்டிலோ மீத்தேன் என்றாலே கொதிக்கிறார்கள். உங்கள் கலக்கம் நியாயமானது. அவளுடைய ஆசையும் அசட்டு ஆசை இல்லை.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். நிலக்கரிப் படுகையில் மீத்தேன் கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். துளை போட்டு அந்தத் தண்ணீரை இறைத்தால்தான் அழுத்தம் குறைந்து வாயு பிரியும். வெட்டி முடித்த பழைய சுரங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே அழுத்தம் எப்போதோ போயிருக்கும். அதனால் வெட்டாமல் விட்ட படுகை எங்கே, பழைய குடைவுகள் எங்கே என்று வரைபடத்தில் தேடித்தான் துளை போடும் இடத்தையே குறிக்க முடியும்.

தேடும் கட்டத்தில் ஜியாலஜிஸ்டின் பரபரப்பான நேரம், துளையிலிருந்து கரித்துண்டு மேலே வரும்போது. வரும் வழியிலேயே வாயு கசியத் தொடங்கிவிடும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து, துண்டைக் காற்றுப் புகாத உலோகக் குப்பியில் போட்டு மூட வேண்டும். அப்புறம் அந்தக் குப்பியிலிருந்து வெளியேறும் வாயுவை நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் அளந்து எழுத வேண்டும். ஒரு டன் கரியில் எத்தனை கன மீட்டர் வாயு என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. பொறுமையும் கைச்சுத்தமும் உள்ள பிள்ளைக்கு ஏற்ற வேலை.

ஆனால் மீத்தேனை மட்டும் நம்பிப் படிக்க வைக்காதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் மீத்தேன் எடுக்க 2010ல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. நிலத்தடி நீர் போய்விடும் என்று விவசாயிகள் போராடினார்கள். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் மறைந்தது அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான். 2015ல் தமிழக அரசு திட்டத்துக்குத் தடை போட்டது. 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. ஸ்காட்லாந்திலும் 2015 ஜனவரியில் அரசு இந்த வேலைகளை நிறுத்தி வைத்தது. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் 2007 முதலும், மத்தியப் பிரதேசத்தின் சோகாக்பூரில் 2017 முதலும் உற்பத்தி நடக்கிறது, உண்மைதான். ஆனால் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. ஓர் அரசாணையில் நின்றுபோகக்கூடிய தொழிலை நம்பி ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

என் யோசனை, ஜியாலஜி படிக்கட்டும். முதுகலையில் நிலத்தடி நீரைக் கூர்ந்து படிக்கட்டும். மீத்தேன் கிணற்றின் பெரிய கேள்வியே தண்ணீர்தான். எவ்வளவு இறைக்கலாம், இறைத்த உப்பு நீரை எங்கே விடுவது, பக்கத்து போர்வெல் வற்றுமா என்று கம்பெனியும் கேட்கும், அரசும் கேட்கும், ஊராரும் கேட்பார்கள். பதில் தெரிந்தவருக்குத் திட்டம் நடந்தாலும் நின்றாலும் வேலை உண்டு. நகரி, புத்தூர் பக்கம் போர் போட்டு ஏமாந்த குடும்பங்களுக்கும் அந்தப் படிப்பு உதவும்.

முதுகலைக்குத் திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதன்பின் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுதி, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போகலாம். இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் விசாகப்பட்டினத்தில் ஐ.ஐ.பி.இ. என்ற மத்திய அரசின் பெட்ரோலியக் கல்வி நிறுவனத்தில் பெட்ரோலியம் படிப்பு இருக்கிறது. அதிலும் எண்ணெய், எரிவாயு என்று பரந்த படிப்பாகப் பாருங்கள்.

பெண்பிள்ளை களத்துக்குப் போவதா என்று தயங்கியிருக்கிறீர்கள். வெயில், கூடாரம், தொலைதூர ஊர் எல்லாம் இருக்கும், மறைக்க மாட்டேன். 2019 முதல் சுரங்கத்துக்குள் பகல் நேரத் தொழில்நுட்ப வேலைக்கே பெண்களைச் சேர்க்க விதி இடம் தருகிறது. அவளுக்குத் துணிவு இருந்தால் நீங்கள் தடுக்க வேண்டாம்.

எம்செட்டில் (ஆந்திரப் பொறியியல் நுழைவுத் தேர்வு, இப்போது இ.ஏ.பி.செட்) கல்லூரி தேர்ந்தெடுக்கும் வெப் ஆப்ஷன் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். திருப்பதிக்கு அழைத்துப் போய் ஜியாலஜித் துறை மாணவிகளிடம் களப்பயிற்சி எத்தனை நாள், முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். மன்னார்குடிக்கும் ஒருமுறை கூட்டிப் போங்கள். சம்பந்தி வீட்டு வயலில் நின்று, அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று அவள் நேரில் கேட்கட்டும். இரண்டையும் கேட்ட பிறகும் இதே படிப்பைச் சொன்னாள் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.