விண்மீன் திரள்களின் வடிவ மாற்றத்தைப் படங்களில் காட்டுவது எப்படி?

கேள்வி: நிறை மிகுந்த விண்மீன் திரள்களின் வடிவம் காலப்போக்கில் மாறியதைக் கல்லூரிக் கண்காட்சியில் படவரிசையாக வைக்க விரும்புகிறோம். ஹபிளின் இசைக்கவை வரைபடத்தையே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். எட்வின் ஹபிள் 1936இல் வெளியிட்ட அந்த வரைபடம், அருகிலுள்ள திரள்களைத் தோற்றத்தின்படி வகைப்படுத்துகிறதே ஒழிய, எது எதுவாக மாறியது என்று சொல்வதில்லை. இசைக்கவை போன்ற அதன் இடப்புறக் கைப்பிடியில் நீள்வட்டத் திரள்களும் வலப்புறக் கிளைகளில் சுருள் திரள்களும் இருப்பதால், அதை இடமிருந்து வலமாக வாசிப்பவர்கள் நீள்வட்டம் சுருளாக மாறியதென்று எண்ணிவிடுவார்கள். பெருந்திரள்களிலோ சுருள் போன்ற வட்டுத் திரள்கள் மோதி இணைந்து நீள்வட்டங்களாவதே பெரும்பாலும் நடந்தது.

செம்பெயர்ச்சியின்படி, அதாவது பேரண்டம் விரிவதால் திரளின் ஒளி அலைநீளம் கூடிய அளவின்படி, வரிசைப்படுத்துங்கள். அதன் அளவு 0.5, 1, 2 என்றால், ஏறத்தாழ 500, 780, 1,040 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைக் காண்கிறோம். படத்தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். செம்பெயர்ச்சி 2இல் அலைநீளம் மூன்று மடங்காவதால், ஹபிள் தொலைநோக்கி கண்ணுறு ஒளியில் எடுத்த படம் உண்மையில் அத்திரளின் புற ஊதாத் தோற்றமாகும். விண்மீன்கள் புதிதாகப் பிறக்கும் இடங்களே அதில் திட்டுத்திட்டாகத் துலங்கும். அதே திரள் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 1.5 மைக்ரான் அகச்சிவப்புப் படத்தில் ஒழுங்கான வட்டாகவும் தெரியலாம். எனவே தொலைவுக்கேற்ப அலைநீளத்தையும் மாற்றுங்கள்.

செம்பெயர்ச்சி 2 காட்டும் காலத்திலேயே விண்மீன் உருவாக்கத்தை நிறுத்திவிட்ட பெருந்திரள்கள், அதே நிறையுள்ள இன்றைய நீள்வட்டங்களைவிட 3 முதல் 5 மடங்கு சிறியவை. பல, தட்டையாகவும் இருந்தன. பின்னர் அவை வாயு குறைந்த சிறு திரள்களை விழுங்க, வந்து சேர்ந்த விண்மீன்கள் வெளிப்பகுதியில் படிந்ததால், நிறை கூடியதைவிட வேகமாக அளவு பெருத்தது, சுழற்சி மங்கியது, உருவமும் உருண்டது. இவ்வாறு வளராமல் தப்பிய எச்சமொன்றை, பெர்சியஸ் கொத்தில் சுமார் 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 1277 என்ற திரளில் காணலாம்: பால்வீதியைப்போல் இரு மடங்கு விண்மீன்கள், அளவோ அதில் கால் பங்கு. கன்னிக் கொத்திலுள்ள மாபெரும் நீள்வட்டத் திரளான எம்87இன் படத்தை இதனருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று புரியும்.

தட்டையான வட்டும் நேர்முகமாகப் பார்த்தால் உருண்டையாகவே தெரியும் என்பதால், ஒரே படத்தைக் கொண்டு முப்பரிமாண வடிவத்தை முடிவு செய்ய இயலாது. ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான திரள்களில் குற்றச்சுக்கும் (குறுகிய விட்டம்) நெட்டச்சுக்குமான (நீண்ட விட்டம்) விகிதத்தை அளந்து, அதன் பரவலிலிருந்தே வடிவத்தை உய்த்துணர்கிறார்கள். மெல்லிய வட்டுகளில் அது ஏறத்தாழ 0.2 முதல் 1 வரை பரவும், நீள்வட்டங்களில் 0.3க்குக் கீழே செல்வது அரிது. ஒவ்வொரு காலகட்டத்துக்கும் ஒரு படத்தோடு நிற்காமல், அந்தப் பரவலின் வரைபடத்தையும் கீழே ஒட்டுங்கள்.