வாசகர் கேள்வி – பதில்: லாயத்து வேலையும் குதிரைப் பயிற்சியும்

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஜேர்மனியில் மாமா இருக்கும் ஊருக்கு அருகில் ஒரு குதிரை லாயம் உள்ளதாம். அங்கே வேலை செய்து கொடுத்தால், ‘ஈவென்டிங்’ போட்டிக்குக் குதிரைகளைப் பழக்கும் வித்தையைப் பணம் வாங்காமலே சொல்லித் தருவார்களாம். அது என்ன போட்டி? என் நாள் அங்கே எப்படிப் போகும்? நம்பிப் போகலாமா?
– ஒரு வாசகி, கோப்பாய்

பதில்: அன்புள்ள தங்கைக்கு, ஈவென்டிங் என்பது ஒரே குதிரையும் அதன் மேல் ஒரே வீரரும் மூன்று சோதனைகளைக் கடக்கும் போட்டியாகும். முதலாவதான டிரெசாஜில், மணல் பரப்பிய களத்தில் குதிரை எவ்வளவு அமைதியாகவும் இசைவாகவும் சொற்கேட்டு நடக்கிறது என்று நடுவர்கள் பார்ப்பார்கள். அடுத்தது குறொஸ் கன்றி. வயலும் காடும் மேடும் பள்ளமுமான வெளியில், மரக்குற்றிகளையும் அகழிகளையும் நீர்நிலைகளையும் வேகமாகத் தாண்ட வேண்டும். கடைசியில் ஷோ ஜம்பிங். அங்கே கால் பட்டாலே கம்பு விழும், விழுந்தால் தண்டப்புள்ளி. இது இராணுவக் குதிரைகளுக்கான சோதனையாகத் தொடங்கி, 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அணிவகுப்பில் அடங்கி நிற்கிற, களத்தில் அஞ்சாத, அத்தனை ஓட்டத்துக்குப் பின்னும் மறுநாள் வேலைக்கு உதவுகிற குதிரைதான் படைக்குத் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், மூன்று சோதனைகளும் ஏன் ஒன்றாகக் கோக்கப்பட்டன என்பது விளங்கும்.

உங்கள் நாளோ பெரும்பாலும் தரையில்தான் கழியும். நான் இங்கிலாந்தில் ஒரு லாயத்தில் இரண்டு வருடங்கள் இப்படி வேலை செய்து பயின்றவள். காலை ஆறு மணிக்கு உலர்புல்லும் தண்ணீரும் வைத்து, நனைந்த படுக்கையை வாரி, சாணத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, குதிரைகளின் உடலைத் துலக்கி, சேணம் பூட்டி ஓட்டுபவரிடம் கொடுப்போம்; திரும்பி வந்ததும் அவற்றின் கால்களைக் குளிர்ந்த நீரால் கழுவி, தோல் சாமான்களைத் துடைத்து எண்ணெய் பூசுவோம். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 50 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பதால், வாளி தூக்கித் தூக்கியே என் தோள் உறுதியானது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பையும் உடலளவுக்குச் சிறியது. ஆகவே தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும். தவறினால் வரும் வயிற்றுக்குத்து உயிரையே எடுத்துவிடும்.

இவற்றை எல்லாம் எடுபிடி வேலை என்று எண்ணிவிடாதீர்கள். நாள்தோறும் காலையில் முன்னங்காலின் பின்புறத் தசைநாரில் முழங்காலிலிருந்து கீழ்நோக்கி உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஒரு நாள், ஒரு பெட்டைக் குதிரையின் இடது காலில், புளியங்கொட்டை அளவு இடம் மட்டும் மற்றக் காலைவிடச் சற்றுச் சூடாக என் கைக்குப் பட்டது. சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். அன்றே ஓட்டத்தை நிறுத்தினார்கள். மிருக வைத்தியர் பார்த்து, தசைநாரில் காயம் தொடங்குகிறது என்றார். குதிரையின் மூச்சும் தசையும் சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். தசைநாரும் எலும்பும் பல மாதங்கள் எடுக்கும். அதனால்தான் பருவத் தொடக்கத்தில் வாரக்கணக்கில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், அதன் பிறகே மேட்டில் ஏற்றமும் இடைவெளி விட்ட பாய்ச்சலும் என்று படிப்படியாகக் கூட்டுவார்கள். இந்தப் பொறுமையைப் புத்தகத்தில் படித்ததைவிட அந்தச் சூட்டில்தான் நான் கற்றேன்.

நம்பிப் போகலாமா என்றால், வாய்ப்பேச்சை மட்டும் நம்பிப் போக வேண்டாம் என்பேன். வாரம் இரண்டு பாடம் என்று எனக்குச் சொன்னார்கள்; முதல் ஆறு வாரங்களில் கிடைத்தவை மூன்று. எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்க வழியிருக்கவில்லை. வேலை நேரம், ஓய்வு நாள், தங்குமிடம், வாரத்துக்கு எத்தனை பாடம், யார் சொல்லித் தருவார், விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது சட்டப்படி குற்றம். மாமாவே கூப்பிட்டாலும் அதற்கு உடன்படாதீர்கள். ஜேர்மனியில் ‘ப்ஃபேர்டவிர்ற்’ என்ற மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி இருக்கிறது. அதில் மாதக் கொடுப்பனவு உண்டு, பாடசாலை உண்டு, முடிவில் பரீட்சையும் உண்டு. வகுப்பைப் பின்தொடரும் அளவுக்கு மொழி தெரிய வேண்டும் என்பதால் இப்போதே ஜேர்மன் படிக்கத் தொடங்குங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், இலவசப் பாடத்தைவிட இந்த வழியையே தெரிவு செய்யச் சொல்வேன்.

கேள்வி: என் மகளும் இப்படியொரு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். படித்த பிள்ளை சாணம் அள்ளப் போகிறாளா என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். எனக்கோ அவள் விழுந்துவிடுவாளே என்ற பயம்.
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. குறொஸ் கன்றித் தடைகள் அசையாதவை. குதிரை தட்டுப்பட்டு உருண்டால் ஓட்டுபவர் அதன் அடியில் அகப்படலாம். இப்போது பல தடைகளில், அதிக விசை பட்டால் உடைந்து கட்டையை விழவிடும் ஊசிகளைப் பொருத்துகிறார்கள். தலைக்கவசமும் மார்புக் கவசமும் கட்டாயம். எனினும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடாது. முதல் வருடத்தில் உங்கள் மகளைப் பெரிய தடைகளுக்கு அனுப்பும் லாயம் நல்ல லாயம் அல்ல. அதை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்தக்காரருக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. இந்தப் போட்டியில் ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில், ஒரே புள்ளிக் கணக்கில் மோதுகிறார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1964 வரை இதில் இடமில்லை. ரோக்கியோ 2020 போட்டியில் ஜேர்மனியின் யூலியா க்ரயேவ்ஸ்கி தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண்ணானார். அதே ஒலிம்பிக்கில், இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மதில்டா கார்ல்சன் ஷோ ஜம்பிங்கில் நம் நாட்டுக்காகக் குதிரையேறினார். ஈவென்டிங்கில் இந்தியாவுக்காக வந்த ஃபவாத் மிர்சாவும் ஜேர்மனியில் பயின்றவரே.

கேள்வி: எங்கள் நெடுந்தீவுக் குதிரைகளை இப்படிப் பழக்க முடியாதா?
– ஒரு வாசகர், நெடுந்தீவு

பதில்: அவை போர்த்துக்கேயர் காலத்தில் வந்த குதிரைகளின் வழியில் வந்து, தலைமுறைகளாகக் கட்டற்றுத் திரிபவை, உருவத்திலும் சிறியவை. அவற்றைப் பிடித்துத் தடை தாண்டப் பழக்குவதை நான் விரும்பமாட்டேன். கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் கிடைப்பதே முதற்கவலை.

ஆனால் குதிரையைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு உங்கள் தீவைவிட நல்ல வகுப்பறை வடக்கில் இல்லை. தூரத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்க எது முதலில் வருகிறது, எதன் காது பின்னால் மடிகிறது, எது வழிவிடுகிறது என்பதைக் கொப்பியில் எழுதட்டும். பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நின்றால் அந்தக் குதிரை ஓய்வெடுக்கிறது. முன்னங்கால் ஒன்றைப் பாரம் கொடுக்காமல் முன்னே நீட்டி நின்றால் அதற்கு அங்கே நோகிறது. அன்றைக்கே மிருக வைத்தியருக்குத் தகவல் கொடுங்கள்.