ஆமிப் பயிற்சிக்குப் போகும் தம்பியை எப்படி அனுப்பிவைப்பது?

கேள்வி: ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 20 வயது. இராணுவத்தில் சேர நேர்முகப் பரீட்சையும் மருத்துவப் பரிசோதனையும் முடிந்துவிட்டன. பயிற்சிக்கான அழைப்புக் கடிதம் வர இன்னும் இரண்டு மாதமாகலாம் என்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார். தியத்தலாவை பக்கத்தில்தானே, அங்கேதான் வைத்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். தம்பி தினமும் விடியுமுன் மலையில் ஏறி இறங்கி ஓடுகிறான். கால் வலிக்கிறது என்கிறான், ஆனாலும் விடுவதில்லை. போன் வைத்திருக்க விடமாட்டார்களாமே? அவனை எப்படித் தயார்படுத்துவது, நாங்கள் எப்படித் தொடர்பில் இருப்பது?

பதில்: மகள், முதலில் அந்தக் கால் வலியைப் பார்ப்போம். நாளையிலிருந்து ஒரு வாரத்துக்குத் தம்பியை ஓடவிடாதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி நீளமாக வலித்து, ஓய்வெடுத்தால் தணிகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. விரலால் அழுத்தும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தாலோ, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலி விடாமல் இருந்தாலோ, எலும்பில் நுண்ணிய வெடிப்பு விழுந்திருக்கலாம். அப்படியானால் தியத்தலாவை ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். இந்த வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று கேட்டுத் திரும்பி வந்த பிறகும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடியும் போக வேண்டும்.

பாடசாலைக் கடேற் படையணியைப் பல வருடம் பொறுப்பாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பயிற்சியை இடையில் விட்டு வீடு திரும்பும் பிள்ளைகளில் பலர் பலமில்லாதவர்கள் அல்ல, காலில் காயத்தோடு போனவர்கள். சதை சில வாரங்களில் பலப்பட்டுவிடும், எலும்புக்கு அதைவிட நாள் பிடிக்கும். புதிதாகச் சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அதனால் ஓட ஆரம்பித்த மூன்றாம், நான்காம் வாரத்தில் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சு வாங்குவது குறைந்து, "இப்போது எவ்வளவும் ஓடலாம்" என்று பிள்ளைக்குத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான். இந்த இரண்டு மாதத்தின் வேலை தம்பியை வீரனாக்குவது அல்ல, காயமில்லாமல் முகாமின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது. மிச்சத்தை அங்கே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மலையில் ஓடுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஏற்றம் நெஞ்சுக்கும் தொடைக்கும் நல்லது. ஆனால் இறக்கத்தில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் முழங்காலிலும் கணைக்காலிலும் இறங்குகிறது. ஏற்றத்தில் ஓடட்டும், இறக்கத்தில் நடந்து வரட்டும். நம் பிள்ளைகளுக்குப் படி ஏறுவதும் மலை ஏறுவதும் பிறவியிலேயே வந்தவை. பழக்கமில்லாதது சமதரையில் ஒரே வேகத்தில் நிறுத்தாமல் ஓடுவது. தோட்டத்து விளையாட்டு மைதானம் இருந்தால் அங்கே ஓடட்டும். வாரம் நான்கு நாள் போதும். முதலிரண்டு வாரம் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி மொத்தம் அரை மணி நேரம். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். பிறகு வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டலாம். நான்காவது வாரம் கூட்டாமல் குறைக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்திய வாரமும் அப்படியே. விடியுமுன் இருட்டில் ஓடுவதை விடச் சொல்லுங்கள். வெளிச்சம் வந்த பிறகு, தேயிலைக்குள் குறுக்கே போகாமல், பாதையில் ஓடட்டும். குளவிக்கூடு எங்கே இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தண்டால், குந்தி எழுதல், கொய்யாக் கிளையைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுத்தல், இவை ஓடாத நாட்களுக்கு. வாரத்தில் ஒரு நாள் முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு ஒரு மணி நேரம் நடக்கட்டும். பாரத்தோடு ஓடவே கூடாது. இரப்பர்ச் செருப்பே போட்டுப் பழகிய கால் என்றால், இப்போதே சப்பாத்தும் காலுறையும் போட்டு நடக்கப் பழக வேண்டும். முதல் வாரக் கொப்புளத்தில் பாதி அதிலேயே தவிர்ந்துவிடும்.

இனி அம்மாவின் நம்பிக்கை. தியத்தலாவையில் 1950 இல் தொடங்கிய பயிற்சி நிலையம் இன்று இராணுவ அகாடமி. முக்கியமாக அதிகாரிகளுக்கான இடம் அது. சிப்பாய்களாகச் சேர்பவர்களின் பயிற்சிப் பாடசாலைகள் நாட்டின் பல பக்கங்களிலும் இருக்கின்றன. மாதுருஓயா போன்ற வெயில் காயும் உலர்வலயத்திலும் இருக்கின்றன. எங்கே என்று கடிதம்தான் சொல்லும். தூரமும் வெக்கையும் உள்ள இடம் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள்.

வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநாட்டுப் பிள்ளைகளை மற்றவர்களைவிட அதிகம் தாக்குவது அதுதான். ஆயிரம் மீற்றர் கீழே இறங்கினால் ஏறத்தாழ ஆறரை பாகை வெப்பம் கூடும். ஹப்புத்தளைக் குளிரில் வளர்ந்த உடம்பு, கீழ்நாட்டு வெயிலில் வியர்க்கப் பழகுவதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் எடுக்கும். ரன்தம்பையில் தேசிய மாணவர் படையணியின் முகாமுக்குப் போன நமது பாடசாலைப் பிள்ளைகளிடம் நான் பார்த்தது இது: தாகம் எடுக்கும்வரை தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குளிரில் தாகம் தெரியாமல் வளர்ந்த பழக்கம். அந்த ஒரு வார ஓய்வு முடிந்ததும் பகல் நேரத்தில், வெயில் உள்ளபோது ஓடிப் பழகட்டும். முடிந்தால் கடைசி இரண்டு வாரம் வெல்லவாய, மொனராகலைப் பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்கி அங்கே ஓடினால் இன்னும் நல்லது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வியர்க்க வைக்கும் வேலை மட்டும் வேண்டாம், அது ஆபத்து.

இரண்டு அறிகுறிகளைத் தம்பி மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், சதை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வெயிலில் நிற்கும்போது தனக்கோ பக்கத்தில் நிற்பவனுக்கோ பேச்சுக் குழறினால், நடை தடுமாறினால், சொல்வது விளங்காமல் போனால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி ஆள் கூப்பிட வேண்டும். "சமாளிப்போம்" என்று நிற்கிற பிள்ளைதான் விழுகிறது.

சாப்பாட்டில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடிக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தேயிலைச் சாயம் பெருமளவு தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு குடிக்கலாம். பருப்பு, கீரை, நெத்தலி, கடலை, கிடைக்கிறபோது முட்டை. அவற்றோடு தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். வளர்ந்த ஆணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 13 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. ஏறும்போது இளைப்பு, மயக்கம் ஏதும் இருந்தால் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல்லில் ஓட்டை இருந்தால் அதையும் இப்போதே அடைத்துவிட வேண்டும்.

தம்பி சிங்களம் பேசுவான் என்றுதான் நினைக்கிறேன். வாசிப்பானா? அறிவிப்புப் பலகையில் யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று எழுதியிருப்பதை மற்றவனிடம் கேட்டுக் கேட்டு எத்தனை நாள் ஓட்டுவது? இரண்டு மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுவிடலாம். உடம்பைப் பற்றிச் சொல்லும் வாக்கியங்கள் தயக்கமில்லாமல் வாயில் வர வேண்டும்: "மகே ககுல ரிதெனவா", "ஒளுவ கெரகெனவா", "ஹுஸ்ம கன்ன அமாருய்". கால் வலி, தலைச்சுற்று, மூச்செடுக்கக் கஷ்டம். சொல்லத் தெரியாததால் நோயை மறைத்த பிள்ளைகள் உண்டு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் பெரும்பாலும் சிங்களப் பிள்ளையாகத்தான் இருப்பான். அவனும் முதல் தடவை வீட்டை விட்டு வந்தவன்தான். இந்த வேலைக்கு நம் பிள்ளை போவதைப் பற்றித் தோட்டத்தில் பல கதை பேசுவார்கள். தெரிந்துதான் தெரிவு செய்திருக்கிறான், வீட்டில் யாரும் அவன் மனதைக் குழப்ப வேண்டாம்.

இப்போது தொடர்பு. நீங்கள் கேள்விப்பட்டது சரி, ஆரம்பப் பயிற்சியில் போன் பெரும்பாலும் கையில் இருக்காது. அனுமதி கிடைக்கும் நாளில் சில நிமிடம் பேசலாம். ஆகவே உங்கள் இலக்கத்தையும் இன்னொருவருடைய இலக்கத்தையும் அவன் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். போனில் சேமித்த இலக்கம் போன் இல்லாதபோது உதவாது. உங்கள் லயத்தில் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறதோ, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூலையில் இருங்கள். இரண்டு மூன்று வாரம் அழைப்பு வராவிட்டால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு ஞாயிறும் அவர் சோறு இறங்காமல் கிடப்பார்.

கடிதத்தை நம்புங்கள். ஆனால் தோட்டத்து முகவரியை அப்படியே நம்பாதீர்கள். பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கைமாறித்தான் வீடு சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்து வாய்ப்பை இழந்த பிள்ளைகளை நமக்கெல்லாம் தெரியும். தம்பியின் அழைப்புக் கடிதம் வரப்போவதும் இதே வழியில்தான். இந்த வாரமே ஆபீஸில் கிளாக்கரைக் கண்டு சொல்லிவையுங்கள், தபாற்கந்தோரிலும் விசாரியுங்கள். தம்பியின் கடிதங்களுக்கு டவுனில் நம்பிக்கையான ஒருவரின் கடை முகவரியோ, ஆசிரியர் ஒருவரின் முகவரியோ கேட்டு வாங்குங்கள். அந்த முகவரியை எழுதிய கடித உறைகளைப் பையில் வைத்து அனுப்புங்கள். முகாமிலிருந்து முதல் கடிதம் வந்ததும் அவனுடைய படை இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும் இடத்தில் நீங்கள் எழுதும் கடிதம் அந்த இலக்கத்தால்தான் ஆளைச் சேரும்.

என்ன எழுதுவது? அம்மா சொல்லச் சொல்ல அவர் சொல்லிலேயே எழுதுங்கள். பீலியில் தண்ணீர் நின்றது, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது, கோயில் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம், இந்த மாதம் அம்மாவுக்கு எத்தனை நாள் பேர் (முழுநாள் வேலைக் கணக்கு) கிடைத்தது, எல்லாம் எழுதலாம். "நீ இல்லாமல் வீடு வீடாயில்லை" என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். முதல் மூன்று வாரம் பிள்ளைக்கு வீட்டு நினைவு தாங்காது, அதைக் கூட்டாதீர்கள். அவன் அனுப்பும் படங்களையும் முகாமின் பெயரையும் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

கெட்ட செய்தியைப் பற்றி இப்போதே பேசிவைப்பது அவசியம். "பயிற்சியில் இருக்கிறான், சொல்ல வேண்டாம்" என்று அம்மாவின் சுகவீனத்தை மறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருமுறை மறைத்தது தெரிந்தால், பிறகு நீங்கள் "எல்லாரும் சுகம்" என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சந்தேகம் வரும். மறைக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். சேரும் நாளில் முகாமின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கடும் நோயோ மரணமோ என்றால் முகாமுக்கு நேரே சொல்லி, கிராம உத்தியோகத்தரின் கடிதமும் எடுத்துவையுங்கள். விடுமுறை கேட்க அது உதவும்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வர முடியாமல் போகலாம். இதை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருவிழாவும் தீபாவளியும் வரும் நேரத்தில்தான் பிள்ளைகள் சொல்லாமல் முகாமை விட்டுக் கிளம்புகிறார்கள். அனுமதியில்லாமல் போவது 1949 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்படி குற்றம். அப்படி வந்தவன் பிறகு வேறு வேலைக்குப் போகவும் முடியாமல், பொலிஸைக் கண்டால் ஒதுங்கி வாழ வேண்டியிருக்கும். "ஒரு நாளைக்கு வந்துட்டுப் போடா" என்று வீட்டிலிருந்து யாரும் சொல்லக்கூடாது, மாமாக்களும் சேர்த்துத்தான். வர விருப்பமென்றால் பல வாரம் முன்பே மேலதிகாரியிடம் முறைப்படி கேட்கட்டும்.

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் தம்பியின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில் பெயர் பிழைத்துப்போவது தோட்டங்களில் சாதாரணம். மாறியிருந்தால் இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போங்கள், கடைசி வாரத்தில் அது முடியாது. "கடிதத்தைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆட்சேர்ப்புக்குத் தரகர் கிடையாது. சம்பளம் வங்கிக்குத்தான் வரும். அம்மா பெயரில் கணக்கு இல்லையென்றால் தம்பி இருக்கும்போதே திறந்துவிடுங்கள், மாதா மாதம் ஒரு தொகை அதற்குப் போகும்படி அவன் வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். ஏடிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வீட்டில் விட்டுப் போவதைவிட அது பாதுகாப்பு. அவன் சம்பளத்தைக் காட்டி யாருடைய கடனுக்கும் பிணை நிற்க வேண்டாம் என்று இருவரும் இப்போதே பேசி முடிவெடுத்துவிடுங்கள்.