கம்பியை விட்டதும் ஏன் சரிகிறாள்?

கேள்வி: என் 15 வயது மகள் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் இன்டர்மீடியட் தேர்வுக்காக பாலே பயில்கிறாள். பாயிண்ட் ஷூ (கால் விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான விறைப்பான ஷூ) அணியத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சி அறையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் ஒற்றைக் காலின் விரல்நுனியில் அழகாக நிற்கிறாள். அறையின் நடுவே வந்தால் ஒவ்வொரு முறையும் பின்பக்கமாகச் சரிந்துவிடுகிறாள். காலில் வலு போதவில்லை என்று எண்ணி, வகுப்பு முடிந்த பிறகும் வீட்டில் பயிற்சி செய்கிறாள். இது சரிதானா?
- வாசகி, லண்டன்

பதில்: வலுக் குறைவு என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். சரிவது எப்போதும் பின்பக்கமாகத்தான் என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வலு போதாத கால் பெரும்பாலும் நடுங்கும், முட்டி தளரும், எந்தப் பக்கமென்று இல்லாமல் தள்ளாடும். தவறாமல் பின்னால் போகிற உடலோ, எழும்போதே விரல்நுனிக்கு நேர் மேலே வந்து சேராத உடல்.

பாயிண்ட் ஷூவின் நுனியிலுள்ள தட்டையான பரப்பு சில சென்டிமீட்டர்தான் இருக்கும். இடுப்பு அதற்கு நேராக நின்றாக வேண்டும். டெமி பாயிண்ட் (குதிகால் உயர்ந்து முன்பாதத்தில் நிற்கும் நிலை) வழியாக மெல்ல உருண்டு எழுந்தால், விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், உடல்தான் முன்னே நகர வேண்டும். ப்ளியேயிலிருந்து (முட்டிகளை மடக்கிய நிலையிலிருந்து) சிறு துள்ளலுடன் எழுந்தால், விரல்நுனியை உடலுக்குக் கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் எதையும் முழுமையாகச் செய்யாதவர்களைக் கம்பி காப்பாற்றிவிடுகிறது. அவர்களே அறியாமல் கை உடலை முன்னே இழுத்து நிறுத்திவிடுகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். கட்டைவிரலால் கம்பியைச் சுற்றிப் பிடிக்காமல், உள்ளங்கையை மேலே வைத்தபடி மட்டும் அவள் எழட்டும். பக்கவாட்டில் நின்று அவளுடைய கையைப் பாருங்கள். குதிகால் தரையைவிட்டு எழும் கணத்தில் விரல்கள் கம்பியை இறுக்கினால், குறை அங்கேதான் இருக்கிறது.

1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக ஆடப்பட்ட 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலேயில், இளவரசி அரோரா ஒற்றைக் காலின் விரல்நுனியில் நின்றபடியே நான்கு இளவரசர்களின் கைகளை ஒருவர்பின் ஒருவராகப் பற்றி விடுகிற பகுதியை உங்கள் மகள் பார்த்திருப்பாள். அதை இன்னொரு முறை, கையை மட்டும் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக ஆடுபவரின் கை துணையைத் தள்ளிவிட்டு எழுவதில்லை. உடல் ஏற்கெனவே நிலைகொண்டுவிட்டதால் அது தானாக விடுபடுகிறது.

எழுவதைவிட இறங்குவதில்தான் கட்டுப்பாடு வளர்கிறது என்பது என் உறுதியான கருத்து. அவசரமாக நாற்பது முறை ஏறி இறங்குவதைவிட, நான்கு எண்ணிக்கையில் குதிகாலை ஓசையின்றித் தரைக்குக் கொண்டுவந்து எட்டு முறை செய்வது மேல். அப்போது பின்னாலிருந்து பாருங்கள்: கணுக்கால் வெளிப்பக்கம் சாய்ந்து எடை சுண்டுவிரல் பக்கம் போனால், அது சுளுக்குக்கு இட்டுச்செல்லும், உடனே நிறுத்தித் திருத்த வேண்டும். வகுப்பு முடிந்து களைத்த கணுக்கால் தவறான பழக்கத்தையே கற்றுக்கொள்ளும் என்பதால், வீட்டில் பாயிண்ட் ஷூவே வேண்டாம். வெறுங்காலுடன், தட்டைப் பாதத்தில், கண்களை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கட்டும். அருகில் சுவர் இருக்கட்டும். பார்வையின் துணையில்லாமல் நிற்கும்போது, பாதத்துக்குள் நடக்கும் நுண்ணிய திருத்தங்களை அவளால் உணர முடியும்.

ஷூவையும் பாருங்கள். அடித்தண்டு, அதாவது ஷூவின் அடியில் பாதத்தைத் தாங்கும் விறைப்பான பட்டை, அவளுடைய பாதத்துக்கு மிக விறைப்பாக இருந்தால், எவ்வளவு முயன்றாலும் அவளால் நுனிக்கு மேல் வர முடியாது. அப்போதும் பின்னால்தான் சரிவாள். அதற்கு மாறாக, வியர்வையில் ஊறித் தளர்ந்த ஷூ பாதத்தை நுனியைத் தாண்டி அமிழவிடும். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் உலர அவகாசம் கிடைக்கும். விரல்களுக்கு வைக்கும் மெத்தை தடிமனாக இருந்தால் தரையின் தொடுகை தெரியாது.

கணுக்காலின் பின்புறத்திலோ பெருவிரல் மூட்டிலோ வலி நீடித்தால், தேர்வுத் தேதி நெருங்கினாலும் முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.