வண்டி கேள்வி பதில்: குன்னூர்ல ஜில்லுன்னு அடிக்கிற ஹீட்டர்

கேள்வி: அண்ணே வணக்கம், நான் காசிமேட்ல இருந்து டீசல் பிக்கப் ஓட்றேன், செகண்ட்ஸ்ல எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. ஐஸ் போட்ட மீன் பாக்ஸ் ஏத்திகினு வாரத்துக்கு ஒரு வாட்டி மேட்டுப்பாளையம் வழியா ஊட்டிக்குப் போறேன். மெட்ராஸ்ல ஹீட்டர் பக்கம் கையே வச்சதில்ல, இந்த டிசம்பர்ல குளிர் தாங்காம போட்டேன். பர்லியார் தாண்டி மேடு ஏறும்போது நல்லா சூடா வருது, குன்னூர் டிராபிக்ல நின்னா ஜில்லுன்னு ஆயிடுது, ஆக்சிலேட்டர் மிதிச்சா திரும்ப சூடு. கீழ இறங்கும்போது சுத்தமா சூடே இல்ல, டெம்பரேச்சர் முள்ளும் கீழ வந்துடுது. டேஷ்போர்டு உள்ள களக் களக்னு சத்தம் வேற. ஒரு மெக்கானிக் புளோயர் மோட்டார் மாத்தணும்னாரு, இன்னொருத்தர் நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு, ரெண்டு ஓஸையும் சேத்து லூப் போட்டு விட்டுடலாம்னாரு. இன்னா பண்றது?
– வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, முதல்ல ரெண்டையும் பண்ணாதீங்க. காத்து வேகமா வருது, ஆனா சூடு இல்லன்னா புளோயர் அதோட வேலையை ஒழுங்காத்தான் செய்யுது, அதை மாத்தினா காசுதான் போகும். லூப் போட்டா ஹீட்டர் தொல்லை ஒழிஞ்சா மாதிரி தெரியும், ஆனா உங்க இன்ஜின்ல இருக்கற கோளாறு அப்படியே இருக்கும், அதைக் காட்டிக் கொடுத்த ஒரே சாட்சியையும் நீங்களே அனுப்பி வச்ச மாதிரி ஆயிடும். நீங்க இதைக் குளிர் பிரச்சனையா பாக்கறீங்க, எனக்கு இது தண்ணி பிரச்சனையாத்தான் தெரியுது.

ஹீட்டர்னு தனியா அடுப்பு எதுவும் உள்ள எரியல. இன்ஜினைச் சுத்தி ஓடி சூடான கூலண்ட் தண்ணி ரெண்டு ஓஸ் வழியா டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கற குட்டி ரேடியேட்டருக்கு வருது, நம்ம பட்டறைல ஹீட்டர் காயில்னு சொல்வோமே அதான், அது மேல புளோயர் காத்து அடிக்குது, அந்தக் காத்துதான் உங்க காலுக்கு வருது. இப்போ ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சா அந்த இடத்துல காத்து உக்காரும், நிறைய வண்டில இந்தக் காயில் கொஞ்சம் உயரத்துல இருக்கறதால காத்து அங்கதான் போய் சேரும், அந்த களக் களக் சத்தம் அதுதான். மேடு ஏறும்போது ரேஸ் அதிகம், வாட்டர் பம்ப் வேகமா சுத்தி காத்தையும் தள்ளிகிட்டு தண்ணியை அனுப்பிடும், சூடு வரும். குன்னூர்ல ஐட்லிங்ல நின்னா பம்ப்புக்கு அந்தத் தெம்பு இல்ல, தண்ணி காயிலை எட்டாது, ஜில்லுன்னு ஆயிடும். இது வரைக்கும் தண்ணி குறைச்சல், இல்லன்னா ஏர் லாக், அதாவது குழாய்க்குள்ள காத்து மாட்டி தண்ணியை மறிக்கறது, அதுவும் இல்லன்னா பம்ப் தேஞ்சிருக்கணும்.

ஆனா நீங்க சொன்னதுல என்னை நிறுத்தினது கீழ இறங்கற விஷயம். அந்த 14 ஹேர்பின் வளைவுல ரெண்டாவது கியர்லதானே இறங்குவீங்க, அப்போ கால் ஆக்சிலேட்டர்ல இல்லன்னாலும் இன்ஜின் வேகமாத்தான் சுத்தும், பம்ப்பும் சுத்தும், தண்ணியும் ஓடும். அப்படியும் சூடு இல்ல, முள்ளும் கீழ வருதுன்னா தண்ணியே ஆறிப்போகுதுன்னு அர்த்தம். இறக்கத்துல டீசல் எரியறது ரொம்பக் கம்மி, சூடு உண்டாகறதே இல்ல, அந்த நேரத்துல ரேடியேட்டர் பக்கம் தண்ணி போகாம கதவைச் சாத்தி வைக்க வேண்டியது தெர்மோஸ்டாட். டீசல் வண்டில பெரும்பாலும் 82 டிகிரி பக்கம் திறக்கற மாதிரி இருக்கும், அதுக்குக் கீழ மூடிக்கணும். உங்க வண்டில அது திறந்தபடியே மாட்டிகிட்டிருக்கணும், இல்லன்னா உள்ள தெர்மோஸ்டாட்டே இருக்காது. செகண்ட்ஸ் வண்டின்னு சொன்னதால எனக்கு ரெண்டாவதுதான் தோணுது, ஏன்னா மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்குன்னு கழட்டித் தூக்கிப் போடற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப நாளா இருக்கு. அது தப்புங்க. இன்ஜின் சூடாகாமலே ஓடினா டீசல் கூட குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும், பிஸ்டன் ஓடற லைனர் தேயும், மைலேஜ் இல்லன்னு அப்புறம் டீசல் பம்ப், நாசில்னு வேற செலவு ஆரம்பிக்கும்.

கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல. காலைல ராத்திரி பூரா ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஓஸ்ல கை வச்சுகிட்டே நில்லுங்க, ஃபேன் பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாம. தெர்மோஸ்டாட் ஒழுங்கா இருந்தா அந்த ஓஸ் ரொம்ப நேரம் ஜில்லுன்னே இருந்து அப்புறம் சட்டுனு சூடாகும், முதல் நிமிஷத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பு ஏறுச்சுன்னா திறந்துதான் கிடக்கு.

அதுக்கு முன்னாடி, ஸ்டார்ட் பண்றதுக்கும் முன்னாடி, ரேடியேட்டர் கேப்பைத் திறந்து பாருங்க. சூடா இருக்கறப்போ எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, உள்ள அழுத்தத்துல இருக்கற தண்ணி மூஞ்சிலதான் அடிக்கும், என் கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. ஆறின வண்டில கழுத்து வரைக்கும் தண்ணி நிக்கணும். ரிசர்வ் டேங்க்ல இருக்கேன்னு பாத்துட்டு போறவங்க நிறைய பேர், கேப் ரப்பர் கெட்டுப் போயிருந்தா ரிசர்வ் டேங்க் நிறைஞ்சு நிக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும். ஊட்டிக்குப் போற வண்டிக்கு இந்த கேப் ரொம்ப முக்கியம், ஏன்னா அங்க 2,200 மீட்டர் உயரத்துல வெறும் தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், கேப் அழுத்தம் பிடிச்சு வச்சாத்தான் கொதிக்காம நிக்கும், ராயபுரத்துல தாக்குப்பிடிக்கற தேஞ்ச கேப் குன்னூர்ல தண்ணியை வெளிய தள்ளிடும்.

என்ன தண்ணி ஊத்தறீங்கன்னு எழுதல, ஆனா எனக்குத் தெரியும். எண்ணூர் மீஞ்சூர் பக்கம் எல்லாம் கடல் தண்ணி நிலத்தடிக்குள்ள வந்து ரொம்ப நாள் ஆச்சு, நம்ம ஏரியா போர் தண்ணில குளிச்சா சோப்பு நுரை வராது, அதைத்தான் ரேடியேட்டர்ல ஊத்தறோம். அந்த உப்பு காயிலோட மெல்லிசு குழாய்க்குள்ள பாறை மாதிரி படிஞ்சிடும், அலுமினியத்தையும் அரிக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, இல்லன்னா கலந்தே விக்கறதை வாங்கி ஊத்துங்க, பேட்டரி கடைல டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும். வழில அவசரத்துக்கு கேன் தண்ணி ஊத்தினா பரவாயில்ல, வந்து மாத்திடணும்.

நிரப்பும்போது வண்டி மூஞ்சி மேடு பாத்து நிக்கட்டும், ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு, கேப்பைத் திறந்தபடி ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, மெதுவா ஊத்திகிட்டே வாங்க, காத்து குமிழி குமிழியா வெளிய வரும், தண்ணி இறங்க இறங்க ஊத்துங்க, மேல் ஓஸ் சூடாகி குமிழி நின்னதும் கேப்பைப் போட்டுடலாம். ஆனா ஸ்டார்ட் பண்ண உடனேயே விடாம குமிழி வந்துகிட்டே இருக்கு, ஓஸ் சீக்கிரமே கல்லு மாதிரி இறுகுதுன்னா அது ஏர் லாக் இல்ல, இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. அப்படி இருந்தா மலைக்கு வண்டியை எடுக்காதீங்க. போன வருஷம் என் பட்டறைக்கு இதே மாதிரி மீன் வண்டி ஒண்ணு வந்துச்சு, ஹீட்டர் ஒரு மாசமா விட்டு விட்டு வருதுன்னு அந்தத் தம்பி யாருகிட்டயும் சொல்லல, சேலம் தாண்டி இன்ஜின் கொதிச்சு நின்னு போச்சு, ஹெட்டு வளைஞ்சு லேத்துக்குப் போச்சு, ஏத்தின மீனும் வீணாச்சு. சென்சார் தண்ணில முங்காம காத்துல நின்னா முள்ளு பொய் சொல்லும், அந்த வண்டில முள்ளு கடைசி வரைக்கும் நார்மல்லதான் நின்னுச்சாம்.

தண்ணி சரி, தெர்மோஸ்டாட் புதுசு, அப்படியும் சூடு பத்தலன்னா இன்ஜின் சூடா இருக்கறப்போ காயிலுக்குப் போற ரெண்டு ஓஸையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு சுட்டு இன்னொண்ணு வெதுவெதுன்னு இருந்தா காயில் அடைச்சிருக்கு, இன்ஜின் ஆறினப்புறம் ரெண்டையும் கழட்டி தண்ணி வெளிய வர்ற பக்கத்துல இருந்து சாதா குழாய் தண்ணி விட்டா செம்மண் கலர்ல கொட்டும், தெளியற வரைக்கும் விடுங்க, கடைசியா டிஸ்டில்டு வாட்டர் ஒரு வாட்டி. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வைக்க விடாதீங்க, குழாய் கிழிஞ்சிடும். ரெண்டு ஓஸும் நல்லா சுடுதுன்னா காயில் பக்கம் போகவே வேணாம், சூடு காத்தையும் ஜில்லு காத்தையும் மாத்தி விடறதுக்கு உள்ள இருக்கற சின்னக் கதவு, அதான் ஃப்ளாப்பு, இல்லன்னா அதோட கேபிள்தான் கோளாறு.

தெர்மோஸ்டாட்டும் கேப்பும் இந்த வாரமே மாத்திடுங்க. முழு ஃப்ளஷ்ஷுக்கு நேரம் இல்லன்னா தடைக்காலம் வரட்டும், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு ஓடாது, உங்க வண்டிக்கும் லோடு கம்மியா இருக்கும். அது வரைக்கும் தினம் காலைல கேப்பைத் திறந்து பாத்துட்டு கிளம்புங்க.

கேள்வி: ஐயா, ஊட்டி மார்க்கெட்ல விடியக்காலை வரைக்கும் வண்டிலதான் தூங்கணும். கண்ணாடி ஏத்திட்டு இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு தூங்கலாமா? சிலர் சட்டில கரி போட்டு உள்ள வச்சுக்கறாங்க.
– வாசகர், எண்ணூர்

பதில்: வேணவே வேணாம். ஹீட்டர்ல வர்றது வெறும் சூடான காத்துதான், ஆனா சைலன்சர் பைப்ல சின்ன ஓட்டை இருந்தாலும் நின்ன வண்டில புகை கேபினுக்குள்ள ஏறும், அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது கலரும் கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிடும். கரிச்சட்டி அதை விட மோசம், அது நேரா அந்த விஷத்தையே உள்ள நிரப்பும். தூங்கறதுக்கு முன்னாடி முழிச்சிருக்கும்போதே ஹீட்டர் போட்டு கேபினைச் சூடு பண்ணி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி, கம்பளியும் குல்லாவும் போட்டு படுங்க. தலைவலியோட குமட்டலோட முழிப்பு வந்தா உடனே கதவைத் திறந்து வெளிய வந்து 108க்கு போன் போடுங்க.

கேள்வி: நான் மெட்ராஸை விட்டே போறதில்ல, ஆனா ஏசி போட்டாலும் கால்ல சூடா காத்து வருது, மத்தியானத்துல உக்கார முடியல, சில நாள் வருது சில நாள் இல்ல. கேஸ் ரெண்டு வாட்டி அடிச்சாச்சு.
– வாசகர், மீஞ்சூர்

பதில்: கேஸ் மேல சந்தேகம் வேணாம். சூட்டைக் குறைக்கற குமிழைத் திருப்பும்போது ஃப்ளாப் முழுசா மூடலன்னா இப்படித்தான், ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு இடத்துல நிக்கறதால ஒரு நாள் சூடு ஒரு நாள் இல்ல. குமிழுக்குப் பின்னாடி கேபிள் கிளிப் கழண்டிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பாதி வண்டில அதோட முடிஞ்சிடும். உங்க வண்டில ஹீட்டர் ஓஸ்ல வால்வு இருந்தா அது மூடுதான்னும் பாக்கணும். கால் மேட்டைத் தூக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு ஈரமா, இனிப்பு வாடையோட இருந்தா காயில் லீக், அப்போ மட்டும் தாமதிக்காம அன்னிக்கே பட்டறைக்கு விடுங்க.